சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டவர்களுக்கு எல்லைகள் எதற்கு? – லெந்து கால ஒழுங்கைப் பற்றி ஒரு கேள்வி

தாமிரபரணி (கேள்வி)

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் நான் செயலாளராக இருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமாகிய லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின கூட்டத்தில் எழுந்த விவாதம் ஒன்று முடிவுக்கு வராமலே நின்றுவிட்டது. விஷயம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்கலாம் என்று அதை இங்கே வைக்கிறேன்.

லெந்து நாட்களில் அசைவம் தவிர்ப்பதும், வெள்ளிக்கிழமை மதியம் வரை உபவாசமிருப்பதும், அதில் மிச்சமாகும் பணத்தைக் காணிக்கை உறையில் சேர்ப்பதும் எங்கள் சபையில் வழக்கம். இந்த ஆண்டு அவற்றோடு இன்னொன்றையும் நான் முன்மொழிந்தேன். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியை அணைத்துக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு, காலை ஜெபம் முடிந்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் அது. நள்ளிரவு தாண்டியும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலரும் தாங்களாகவே சொன்னதால்தான் இந்த யோசனையே பிறந்தது.

உடனே பொறியியல் படிக்கும் சகோதரர் ஒருவர் எழுந்து, அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசித்தார். கிறிஸ்து உண்டாக்கின சுயாதீன நிலைமையில் நிலைகொண்டிருக்கச் சொல்லும் அப்போஸ்தலன், அடிமைத்தனத்தின் நுகத்துக்கு மறுபடியும் உட்பட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கும்போது, நாமே ஒரு புது நுகத்தைச் செய்து நம் கழுத்தில் பூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதே அதிகாரத்தில்தான் ஆவியின் கனிகளில் ஒன்றாக இச்சையடக்கமும் வருகிறது என்று இன்னொருவர் பதில் சொன்னார். அதன்பின் ஒரு சகோதரி, சட்டதிட்டம் நிறைந்த வீட்டில் வளர்ந்த தான், விடுதிக்கு வந்து யாருடைய கட்டாயமும் இல்லாமல் இருந்தபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக மனமுவந்து ஜெபித்ததாகச் சொன்னார். அதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

என் கேள்வி இதுதான். எல்லைகளும் சுயக்கட்டுப்பாடும் விடுதலைக்கு வழிநடத்துகின்றன என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். அது எந்த விதத்தில் உண்மை? எந்த இடத்தில் அது, சட்டங்களைக் கைக்கொள்வதாலேயே தேவனுக்கு ஏற்றவராகலாம் என்ற நியாயப்பிரமாணவாதமாக மாறிவிடுகிறது? தண்டவாளத்தை விட்டு இறங்கிய ரயில் ஓடாது என்ற உவமையை எங்கள் ஐக்கியத்தில் எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள் என்பதால், தயவுசெய்து அது மட்டும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆயர்

அன்புள்ள தம்பி, ரயிலை விட்டுவிடுகிறேன்.

பத்துக் கற்பனைகள் எப்படித் தொடங்குகின்றன என்பதை முதலில் உங்கள் ஐக்கியத்தாருக்கு வாசித்துக் காட்டுங்கள். முதல் கட்டளைக்கு முன்னே, "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற வாக்கியம் நிற்கிறது. செங்கடலைக் கடந்து, எகிப்தின் ஆளோட்டிகளின் கைக்குத் தப்பிய பிறகுதான் ஜனங்கள் சீனாய் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே, கட்டளைகளைக் கைக்கொண்டால் விடுதலை கிடைக்கும் என்று வேதம் அங்கே சொல்லவில்லை. விடுதலையாகிவிட்டவர்கள் மறுபடியும் எகிப்தைப் போன்ற ஒரு வாழ்க்கையைத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளாதிருக்கவே அந்தக் கட்டளைகள் கொடுக்கப்பட்டன. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் உங்கள் பொறியியல் சகோதரர் சொன்னது முழுக்கச் சரியாகிவிடும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஓய்வுநாள் கட்டளை. யாத்திராகமத்தில் அதற்குச் சிருஷ்டிப்பு காரணமாகச் சொல்லப்படுகிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்திலோ, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்பதே காரணம். எகிப்தில் செங்கல் கணக்கு ஒருநாளும் குறைக்கப்பட்டதில்லை. ஓய்வெடுக்க உரிமையில்லாதவனே அடிமை. ஏழாம் நாளில் வேலையை நிறுத்தக்கூடியவன் தான் அடிமையல்ல என்பதை வாரந்தோறும் தன் உடம்பாலேயே அறிக்கையிடுகிறான். அந்த எல்லை தனக்கு மட்டும் போடப்பட்டதுமல்ல. வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும் மாடும் கழுதையும் அந்த நாளில் இளைப்பாற வேண்டும் என்று கட்டளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடுக்குகிறது. எஜமானின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை போடப்படும்போதுதான் அவன் வீட்டு வேலைக்காரிக்கு ஒருநாள் விடுதலை கிடைக்கிறது. சுயக்கட்டுப்பாட்டை நம் ஆத்துமாவின் தனிப்பட்ட முன்னேற்றமாக மட்டுமே பேசிப் பழகிவிட்டதால், இந்தப் பக்கத்தை நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

இதே காரியத்தை நெகேமியாவின் புத்தகத்தில் நடைமுறையாகவே காணலாம். இடிந்த எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர் என்ற அளவில் அவரை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது ஐந்தாம் அதிகாரம். பஞ்சமும் வரியும் ஒருசேர நெருக்கியதால் யூதர்கள் தங்கள் நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் சொந்த சகோதரரிடமே அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளையே அடிமைகளாக விடவேண்டிய நிலைக்கு வந்திருந்தார்கள். நெகேமியா வட்டியை நிறுத்தி நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். அதோடு தன் சொந்தக் கணக்கையும் அவர் அங்கே எழுதிவைக்கிறார். யூதாவுக்கு அதிபதியாயிருந்த 12 வருஷமும் அதிபதிக்குரிய படியை அவரும் அவருடைய சகோதரரும் வாங்கவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கிவந்தார்கள். அவருடைய பந்தியிலோ 150 பேர் சாப்பிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு மாடும் ஆறு ஆடுகளும் சமைக்கப்பட்டன. அவ்வளவு செலவிருந்தும், சட்டப்படி தனக்குரியதை அவர் கேட்கவில்லை. ஜனங்களின்மேல் இருந்த பாரம் கடினமாயிருந்தது என்பதே அவர் சொல்லும் காரணம். ஒரு மனிதர் தன் உரிமையை அடக்கிக்கொண்டதால் ஒரு பட்டணத்தின் சுமை குறைந்தது.

அப்போஸ்தலனாகிய பவுலும் இதே வழியில்தான் பேசுகிறார். "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று கொரிந்தியருக்கு எழுதினவர், அதே நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், சுவிசேஷத்தினால் பிழைக்கும் உரிமை தனக்கு இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்கிறார். சுயாதீனம் மாம்சத்திற்கு ஏதுவாகிவிடக் கூடாது, அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்று கலாத்தியர் 5:13இல் அவர் எழுதுவதை, அந்தச் சகோதரர் வாசித்த முதல் வசனத்தோடு சேர்த்து வாசித்தால் விவாதம் அங்கேயே பாதி தீர்ந்திருக்கும். 1520இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி எழுதியபோதும் இந்த இரண்டையும் பிரிக்கவில்லை. கிறிஸ்தவன் எல்லாவற்றிற்கும் மேலான சுயாதீன எஜமான், ஒருவனுக்கும் கீழ்ப்பட்டவனல்ல. கிறிஸ்தவன் எல்லோருக்கும் ஊழியக்காரன், எல்லோருக்கும் கீழ்ப்பட்டவன் என்று இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்தே வைத்தார்.

கைப்பேசியைப் பற்றி: ஒன்பது மணிக்குமேல் அதை வைத்துவிட முடியாதவன் சுயாதீனன்தானா என்று அவரவரே தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு வேதபண்டிதர் தேவையில்லை.

முல்லைக்கொடி

ஆயர் ஐயா எழுதியதோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனாலும் அந்தச் சகோதரியின் பேச்சுக்கு இங்கே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நெகேமியா விட்டுக்கொடுத்தது தன்னுடைய படியை. அதை அவர் அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. நம் சபைகளில் ஒழுங்கு என்ற பெயரில் நடப்பவற்றில் பாதியாவது, அதிகாரத்தில் இருப்பவர் அதிகாரமில்லாதவருக்குப் போடும் எல்லைகளாகவே இருக்கின்றன. பூ வைக்கக் கூடாது, நகை போடக் கூடாது, கூட்டத்துக்கு இந்த உடையில்தான் வரவேண்டும் என்ற பட்டியலைப் பாருங்கள். பத்தில் எட்டு பெண்பிள்ளைகளுக்கானவை. பையன்கள் இரவு பதினோரு மணிக்கு வீடு திரும்பினால் ஊழியத்துக்குப் போனதாக எண்ணிக்கொள்வோம். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகளுக்கு ஏன் உட்படுகிறீர்கள் என்று கொலோசெயரைக் கேட்ட பவுல், அவை ஞானம் என்ற பேர்கொண்டிருந்தாலும் மாம்சத்தை அடக்க உதவாதவை என்றே எழுதினார். வெளியே பார்க்கப் பக்தி. உள்ளே அடுத்தவர்மேல் செலுத்தும் ஆளுகை. இதையும் சுயக்கட்டுப்பாட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் இளையவர்கள் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள்.

1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் நடந்தது உங்கள் கூட்டத்துக்கு உதவும். கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர் என்ற அச்சுக்காரரின் வீட்டில், தடையை மீறிச் சில தொத்திறைச்சித் துண்டுகள் பரிமாறப்பட்டன. புத்தகச் சந்தைக்குள் முடிக்க வேண்டிய அச்சுவேலையால் ஆட்கள் சோர்ந்திருந்தார்கள் என்பது அவர் சொன்ன சமாதானம். அங்கே இருந்த குருவானவர் உல்ரிச் சுவிங்லி அதைச் சாப்பிடவில்லை. ஆனால் விஷயம் நகரமன்றம் வரை போனபோது, சாப்பிட்டவர்களுக்காகப் பிரசங்கபீடத்தில் நின்று பேசியவரும் அவரே. உபவாசிக்க விரும்புகிறவன் உபவாசிக்கட்டும், இறைச்சி வேண்டாதவன் தவிர்க்கட்டும், ஆனால் கிறிஸ்தவனுக்குரிய சுயாதீனத்தை அவனிடமே விட்டுவிடுங்கள் என்பதே அவர் வாதம். தான் தவிர்த்துக்கொண்டே, தவிர்க்காதவனுக்காக வழக்காடிய அந்த நிலைதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லை என்றால் ஆசைகளுக்குப் போடுவது மட்டும்தானா? வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம் என்று நான்கு பொறுப்புகளைத் தலையில் சுமந்துகொண்டு, ஐந்தாவதாக ஒன்றைக் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொள்ளும் சகோதரிகள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இச்சையடக்கத்தைவிட "இயலாது" என்ற ஒரு சொல்லைச் சொல்லும் துணிவுதான் தேவைப்படுகிறது. மாற்கு முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நகூமில் பட்டணத்தார் எல்லோரும் வாசலில் கூடிய அந்த இரவுக்குப் பின், இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார். எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோதும் அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். தேடி வந்தவர்களின் தேவை உண்மையானதுதான். இருந்தும், பிதாவிடம் ஜெபித்து எழுந்தவருக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது, ஊராரின் நெருக்கடி அதை மாற்றவில்லை.

அந்தச் சகோதரி விடுதியில் ஜெபித்த ஜெபத்தை ஒழுங்குக்கு எதிரான சாட்சியாக யாரும் கொள்ள வேண்டாம். அவர் தானாகத் தெரிந்துகொண்ட முதல் ஒழுங்கே அதுவாக இருக்கலாம்.

காவிரிக்கரை

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். உங்கள் லெந்து காலம் எங்களுக்குத் தவக்காலம். மடங்களின் ஒழுங்கைப் பற்றித் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

மேற்கத்தியத் துறவு வாழ்க்கையை உருவாக்கிய ஒழுங்குநூலை 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதியவர் புனித ஆசீர்வாதப்பர் எனப்படும் பெனடிக்ட். 73 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் எப்போது எழ வேண்டும், எந்தத் திருப்பாடலை (நீங்கள் சங்கீதம் என்பதை) எந்த வேளையில் பாட வேண்டும், எவ்வளவு உண்ணலாம் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு இறுக்கமா என்று மலைத்துப்போய்த்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, எழுதியவரின் கைநெகிழ்வுதான் என்னைக் கவர்ந்தது. வேளைக்கு இரண்டு வகைச் சமைத்த உணவு இருக்கட்டும், ஒன்றைச் சாப்பிட இயலாதவர் மற்றதைச் சாப்பிடலாம் என்கிறார். துறவிகளுக்குத் திராட்சை மது ஆகாது என்று படித்திருக்கிறோம், ஆனால் இக்காலத் துறவிகளை அப்படி நம்பவைக்க முடியாது, ஆகவே அளவோடாவது குடிக்க இசைவோம் என்று சற்றே அலுப்போடு எழுதுகிறார். திருப்பாடல்களை நீண்ட பட்டியலாக வகுத்துக் கொடுத்துவிட்டு, இதைவிட நல்ல முறை யாருக்காவது தெரிந்தால் அப்படியே வைத்துக்கொள்ளட்டும், வாரத்துக்குள் 150 திருப்பாடல்களும் முடிய வேண்டும் என்பதே நிபந்தனை என்கிறார்.

தவக்காலத்துக்கென்றே 49ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். வழக்கமான ஒழுங்குக்கு மேலாக ஒவ்வொருவரும் தாமாகவே விரும்பி ஏதாவதொன்றை, உணவிலோ உறக்கத்திலோ வீண்பேச்சிலோ குறைத்து, தூய ஆவி தரும் மகிழ்ச்சியோடு இறைவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். ஆனால் அதை மடத்தலைவரிடம் சொல்லி அவர் இசைவோடுதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது வீண்பெருமையாகிவிடும். விருப்பமும் வேண்டும், ஒருவருக்காவது தெரிந்தும் இருக்க வேண்டும் என்ற இந்தச் சேர்க்கையை நான் வேறெங்கும் இவ்வளவு சுருக்கமாகப் பார்த்ததில்லை. முல்லைக்கொடி சகோதரியின் கவலைக்கும் இதில் ஓரளவு விடை உண்டு.

நூலின் முன்னுரையில், மீட்பின் வழி தொடக்கத்தில் குறுகலாகத்தான் இருக்கும், அஞ்சி ஓடிவிடாதே, போகப்போக இதயம் விரிவடையும், பிறகு கட்டளைகளின் வழியில் ஓடுவாய் என்று புதிதாக வருபவரிடம் சொல்கிறார். 119ஆம் திருப்பாடலின் எதிரொலி அது. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், 1950இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் ஆசிரமம் பெனடிக்ட் மரபோடு இணைந்தது. அங்கே தங்கியிருந்தபோது, மணியடித்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. இரண்டொரு நாள் கழிந்தபின், அடுத்து என்ன செய்வது என்ற ஓயாத கணக்கு மனத்தைவிட்டுப் போயிருந்ததைக் கவனித்தேன். எந்த நேரத்தில் ஜெபிப்பது என்று ஒவ்வொரு நாளும் நமக்குள்ளேயே வழக்காடத் தேவையில்லாதபோது, அந்த நேரம் ஜெபத்துக்கே கிடைக்கிறது.

ஒரு சிறு குறிப்பு: சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தின நாள்வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். ஆறு ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேராததால்தான் அது 40 ஆகிறது. கைப்பேசித் திட்டத்திலும் ஞாயிறை விட்டுவிடுவது நல்லது.

தாமிரபரணி

மூவருக்கும் நன்றி. இவற்றைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன். யார் யார் செய்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் எடுக்க நினைத்திருந்தேன், அதைக் கைவிடுகிறேன். விரும்புகிறவர்கள் மட்டும் செய்யட்டும். ஞாயிறுக்கு விலக்கு உண்டு. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. கடந்த ஆண்டுகளில் நடந்ததையே சொல்கிறேன்: உபவாசத்தைத் தொடங்கியவர்களில் பலர் இரண்டாம் வாரத்தில் தவறிவிட்டு, இனி என்ன பயன் என்று முழுவதையும் விட்டுவிடுகிறார்கள், குற்றவுணர்வில் சிலர் கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார்கள். விடுதலைக்காக வைத்த ஒழுங்கு இப்படி முடிந்தால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆயர்

தம்பி, இந்தக் கேள்விக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது. ஆக்ஸ்ஃபோர்டில் 1729 முதல் அவரும் அவர் தம்பி சார்லஸும் நண்பர்களும் சேர்ந்து கடைப்பிடித்த ஒழுங்கு சாமானியமானதல்ல. புதன், வெள்ளி நாட்களில் பிற்பகல் மூன்று மணிவரை உபவாசம், அதிகாலை எழுந்து ஜெபம், சிறைச்சாலைச் சந்திப்பு, வேளைக்கு வேளை தன்னைத்தானே சோதித்து நாட்குறிப்பில் எழுதுவது என்று எதிலும் குறைவைக்கவில்லை. சக மாணவர்களின் கேலிக்கும் அவர்கள் அசரவில்லை. ஆனால் இரட்சிப்பின் நிச்சயம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய், மனம் உடைந்து 1738இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அந்த ஆண்டு மே 24ஆம் தேதி இரவு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து தன் பாவங்களை நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது.

அதன்பிறகு ஒழுங்குகளை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதைத்தான் உங்கள் வாலிபர்கள் கவனிக்க வேண்டும். அதிகாலையில் எழுவதும் உபவாசமும் தொடர்ந்தன. தேவனிடத்தில் நற்சான்று வாங்கித் தர வேண்டிய வேலை மட்டும் அவற்றிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் வாரத்தில் தவறுகிறவன் ஓடி ஒளிவது, தன் உபவாசம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததாக அவன் உள்ளுக்குள் நம்பியதால்தான். கிருபையினால் ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குத் தவறிய வெள்ளிக்கிழமைக்கு அடுத்து இன்னொரு வெள்ளிக்கிழமை உண்டு.

நடைமுறைக்கும் ஒன்று சொல்கிறேன். 1742இல் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கடனைத் தீர்க்க, வெஸ்லியின் சங்கத்தார் பன்னிரண்டு பேருக்கு ஒருவராகப் பிரிந்து வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தொடங்கினார்கள். வசூலிக்கப் போனவர் வீட்டு நிலவரத்தையும் ஆத்தும நிலவரத்தையும் அறிந்துவந்து சொன்னார். அந்தக் கடன் வசூலிலிருந்துதான் அவர்களுடைய வகுப்புக் கூட்டங்கள் வளர்ந்தன. உங்கள் ஐக்கியத்துக்குப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு பெரிது. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, சனிக்கிழமை மாலையில் ஒருவரையொருவர் அழைத்து இந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்டுக்கொள்ளட்டும். தவறினவர்களை அழைத்துப் பேசும் பொறுப்பை மூத்தவர்களிடம் கொடுக்காதீர்கள். அதே வாரத்தில் தானும் தவறியிருக்கக்கூடிய சம வயதுக்காரரே அழைக்கட்டும். அழைப்பது ஒன்பது மணிக்கு முன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.